பாம்பு பதித்த பழைய வெள்ளிக் காசுகள்: கிரேக்க, ரோம நாணயம் சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பை மட்டும் வைத்து ஒரு சேகரிப்பு நடத்த முடியுமா? அவ்வளவு காசுகள் இருக்கின்றனவா?

தாராளமாக. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தேபிஸ் நகரத்துக் காசில் குழந்தை ஹெராக்கிளீஸின் பிடியில் பாம்புகள் நெரிபடுகின்றன. கி.பி. 3ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர்களின் காசில் பாம்பு தட்டிலிருந்து தீனி வாங்குகிறது. இடைப்பட்ட எழுநூறு ஆண்டுகளில் பாம்பு இல்லாத தலைமுறையே இல்லை எனலாம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் காசிலும் இருப்பது ஒரே பாம்பு அல்ல. ஒரு ஊரில் அது நோய் தீர்க்கும் தெய்வத்தின் துணை, இன்னொரு ஊரில் கழுகின் இரை, வேறொரு ஊரில் விளைச்சலுக்குக் குறி சொல்லும் சாமி. வாங்குவதற்கு முன்னால் அந்தப் பாம்பு யாருடையது, அங்கே என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் தெரிந்து வாங்கிய பத்துக் காசு இருந்தாலே போதும், அது நல்ல சேகரிப்புதான்.

முதல் காசாக எதை வாங்கலாம்?

கையில் பெரிய தொகை இல்லையென்றால் ரோமப் பேரரசுக் கால டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு ஒன்றை வாங்குங்கள். பின்பக்கத்தில் சாலுஸ் என்ற நலத்தெய்வம் பாம்புக்கு உணவு கொடுக்கும் காட்சி இருக்கும். ஹேட்ரியன், அன்டோனினஸ் பையஸ், மார்கஸ் அரேலியஸ், செப்டிமியஸ் செவெரஸ் குடும்பத்தார் என்று பலரும் இதை அடித்திருக்கிறார்கள். ஏராளமாகக் கிடைப்பதால் சில ஆயிரம் ரூபாயிலேயே பேரரசர் முகமும் பாம்பும் தெளிவாகத் தெரிகிற காசு அமையும்.

கிரேக்கக் காசுதான் வேண்டும் என்றால் இரண்டு சொல்வேன். ஒன்று, யூபியா தீவின் கால்கிஸ் நகரத்து டிராக்மா என்ற வெள்ளிக் காசு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, எடை சுமார் 3.6 கிராம். முன்பக்கம் ஒரு பெண்ணின் தலை, பின்பக்கம் பாம்பைக் கவ்விப் பறக்கும் கழுகு. மற்றொன்று, மர்மரா கடற்கரையில் இருந்த பாரியம் நகரத்து அரை டிராக்மா. ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கும் காளை, மறுபக்கம் பாம்புகள் சூழ்ந்த கோர்கன் (பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி) முகம். இரண்டுமே சந்தையில் அடிக்கடி வருபவை. அதனால் அவசரப்படாமல் நல்ல படியாக ஒன்று வரும்வரை காத்திருக்கலாம்.

சிஸ்டோபோரஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையில் இறங்கியவர்கள் கடைசியில் வந்து சேரும் காசு அது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் பாம்பு இருக்கும்.

இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் அட்டாலிட் மன்னர்கள் பெர்கமுவைத் தலைநகராக வைத்து ஆண்டார்கள். அவர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தங்கள் நாட்டுக்கென்று ஒரு வெள்ளிக் காசை வெளியிட்டார்கள். பெயரளவில் அது நான்கு டிராக்மா. ஆனால் எடை சுமார் 12.6 கிராம்தான், அதாவது ஏதென்ஸ் அளவையில் மூன்று டிராக்மா. வெளியூர்களில் புழங்கிய நான்கு டிராக்மாக் காசு ஏறக்குறைய 17 கிராம் இருந்தது. எடை குறைந்த காசு என்பதால் இது நாட்டைவிட்டு வெளியே போகாமல் உள்ளூரிலேயே சுற்றியது. வெளிக்காசோடு வரும் வியாபாரி அதைக் கொடுத்து இதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால் அரசுக்கு நல்ல லாபம்.

முன்பக்கத்தில் கிரேக்க மதுத்தெய்வம் டயோனிசஸ் வழிபாட்டில் பயன்பட்ட மூடிய கூடை. மூடி கொஞ்சம் திறந்திருக்கும், உள்ளே இருந்து ஒரு பாம்பு வெளியே வரும். சுற்றிலும் ஐவிக் கொடி மாலை. பின்பக்கத்தில் வில்லோடு கூடிய வில்லுறை, அதன் இருபுறமும் இரண்டு பாம்புகள். அவற்றின் வால்கள் கீழே ஒன்றோடொன்று பின்னிக்கிடக்க, தலைகள் மேலே நிமிர்ந்திருக்கும். காசில் அரசனின் முகம் கிடையாது, பெயரும் கிடையாது. அந்தக் காலத்து மன்னர்கள் பெரும்பாலும் தங்கள் முகத்தையே பதித்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால், இது யோசித்து எடுத்த முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

காசு அடித்த ஊர்ப் பெயர்கள் விவிலியம் படித்தவர்களுக்குப் பழக்கமானவை: பெர்கமு, எபேசு, சர்தை, தியத்தீரா, லவோதிக்கேயா. இவற்றோடு டிராலிஸ், அப்பமேயா ஆகிய ஊர்களும் உண்டு. எபேசுக் காசில் ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் இடப்பக்கமும் ஒரு தீவட்டி வலப்பக்கமும் இருக்கும். பிற்காலக் காசுகளில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்துகொண்டது. பெர்கமுவின் பிற்காலக் காசில் வலப்பக்கம் ஒரு சிறு கோல், அதிலும் ஒரு பாம்பு சுற்றியிருக்கும். எண்ணிப் பாருங்கள், ஒரே காசில் நான்கு பாம்பு!

கி.மு. 133இல் கடைசி மன்னர் மூன்றாம் அட்டாலஸ் இறந்தபோது நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டார். ரோமர்கள் காசை மாற்றவில்லை, அதே கூடை, அதே பாம்பு தொடர்ந்தது. கி.மு. 51-50இல் சிலிசியா மாகாணத்தை ஆண்ட ரோமப் பேச்சாளர் சிசரோவின் பெயர்கூடச் சில சிஸ்டோபோரஸ் காசுகளில் உண்டு. ஆசியாவில் தன் கணக்கில் 22 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமர்களின் பணக் கணக்கு அலகு) மதிப்புக்கு இந்தக் காசு இருக்கிறது என்று அவர் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கி.மு. 39 வாக்கில் மார்க் அந்தோணி வெளியிட்ட காசில் கூடைக்கு மேல் அவர் மனைவி ஒக்டாவியாவின் உருவம், இரண்டு பக்கமும் பாம்பு. கி.மு. 28இல் ஒக்டேவியன் அடித்த காசில் அமைதித் தெய்வம் நிற்க, அதே கூடையும் பாம்பும் பின்னால் ஓரமாக ஒதுங்கிவிட்டன. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நாட்டின் அடையாளம் ரோமின் கைக்குள் போன விதம் கண்ணெதிரே தெரியும். அதற்காகவே சிஸ்டோபோரஸை இவ்வளவு நேரம் பேசினேன்.

சிஸ்டோபோரஸ் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கூடை. அதுதான் காசிலேயே மேடான இடம், அதனால் சீக்கிரம் தேயும். அச்சு சரியாக விழாமல் போவதும் அங்கேதான் அதிகம். கூடையின் பின்னல் கோடுகள் தெரிந்தால் நல்ல காசு. அடுத்து, பின்பக்கத்துப் பாம்புகளின் தலை இரண்டும் காசின் வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு மையம் விலகியிருந்தால் ஒரு தலை வெட்டுப்பட்டுவிடும். மற்றக் குறைகளை நான் பொறுத்துக்கொள்வேன், பாம்பின் தலை போன காசை வாங்கமாட்டேன்.

ரோமக் குடியரசுக் காலத்து டெனாரியஸ்களில் எது சிறந்தது?

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கி.மு. 64இல் லூசியஸ் ரோசியஸ் ஃபபாட்டஸ் வெளியிட்ட காசு. முன்பக்கம் ஆட்டுத்தோல் போர்த்திய ஜூனோ சோஸ்பிடா என்ற பெண் தெய்வம். பின்பக்கம் ஒரு இளம்பெண் நிற்கிறாள், அவள் எதிரே பாம்பு தலை தூக்கி நிமிர்ந்திருக்கிறது, அவள் அதற்கு உணவு கொடுக்கிறாள்.

ரோமுக்குத் தெற்கே லனுவியம் என்ற ஊரில் ஜூனோவுக்குப் பெரிய கோயில் இருந்தது. அங்கே ஒரு குகையில் பாம்பு இருந்ததாக நம்பினார்கள். குறிப்பிட்ட நாளில் கன்னிப்பெண்களைத் தின்பண்டத்தோடு உள்ளே அனுப்புவார்கள். பாம்பு அதை ஏற்றுக்கொண்டால் பெண் கற்புடையவள் என்று பொருள். அவள் திரும்பி வந்து பெற்றோரைக் கட்டிக்கொள்வாள், இந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்று உழவர்கள் ஆர்ப்பரிப்பார்கள். இதைக் கவிஞர் புரொபெர்ஷியஸ் பாடியிருக்கிறார். பெண்ணின் கண்ணைக் கட்டிவிடுவார்கள், அவள் வாற்கோதுமை அடை கொண்டுபோவாள் என்று பின்னால் வந்த ஈலியன் எழுதுகிறார். ஃபபாட்டஸின் சொந்த ஊர் லனுவியம். ரோம அரசின் காசில் தன் ஊர்ச் சடங்கைப் பதித்துவிட்டார். பயந்தபடி இருட்டுக்குள் போன அந்தப் பெண்களில் ஒருத்தியாவது இப்படி 3.9 கிராம் வெள்ளியில் நமக்கு எஞ்சியிருக்கிறாளே என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இந்தக் காசில் இன்னொரு சுவையும் இருக்கிறது. ஒவ்வொரு முன்பக்க அச்சிலும் ஒரு சிறு பொருளின் படம், அதற்கு இணையான பின்பக்க அச்சில் வேறொரு பொருளின் படம். கருவிகள், பாத்திரங்கள், விலங்குகள் என்று எல்லாம் வரும். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட இணைகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு காசின் இரண்டு குறிகளும் பதிவான இணையோடு பொருந்தாவிட்டால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது வெள்ளி முலாம் பூசிய பழங்காலப் போலியாக இருக்கும். விளிம்பு முழுவதும் ரம்பப் பல்போல வெட்டியிருப்பதையும் பாருங்கள். காசு அடிக்கும் முன்பே உளியால் கையில் வெட்டியது அது. வெட்டு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் வார்ப்புப் போலியாக இருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 80இல் லூசியஸ் புரோசிலியஸ் அடித்த காசிலும் இதே ஜூனோ, காலடியில் பாம்பு. கி.மு. 78இல் மார்கஸ் வொல்டியஸின் காசில் சீரிஸ் தெய்வத்தின் தேரை இரண்டு பாம்புகள் இழுக்கின்றன. இரண்டுமே விலை கட்டுப்படியாகிற காசுகள்தான்.

சீசரின் யானைக் காசில் யானை மிதிப்பது பாம்புதானா?

இதில் ஒத்த கருத்து இல்லை. சீசர் ரூபிக்கன் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிய கி.மு. 49-48 காலத்துக் காசு இது, படையோடு நகர்ந்த அச்சுக்கூடத்தில் அடித்தது. யானையின் காலுக்கு முன்னால் ஏதோ ஒன்று நெளிந்து நிமிர்ந்திருக்கிறது. பாம்பு அல்லது டிராகன் என்பது பழைய விளக்கம். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு வீரர்கள் போரில் ஊதிய, விலங்குத் தலை வைத்த கார்னிக்ஸ் என்ற ஊதுகொம்பு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். சீசர் கால் நாட்டை வென்றவர் என்பதால் அந்த விளக்கத்துக்கும் பொருள் இருக்கிறது.

நான் அதைப் பாம்பு வரிசையில்தான் வைப்பேன். பார்க்கிற கண்ணுக்குப் பாம்பாகத் தெரிகிறது, அன்று கையில் வாங்கிய போர்வீரனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் முதல் காசாக வேண்டாம். ஏராளமாக அடித்த காசுதான், இருந்தாலும் சீசர் பெயர் போட்ட காசு வேண்டும் என்று எல்லோரும் போட்டி போடுவதால் விலை ஏறிக்கிடக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணம் சீசருக்குப் போகிறது, பாம்புக்கு அல்ல. முலாம் பூசிய பழைய போலிகளும் இதில் உண்டு, எடையை அவசியம் கேளுங்கள்.

மருத்துவத்தோடு தொடர்புள்ள காசுகள் எவை?

கிரேக்கர்களின் மருத்துவத் தெய்வமான அஸ்கிளிப்பியஸ் காசுகள். கோலைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு அவருடைய அடையாளம். கி.மு. 293இல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது கிரேக்க நாட்டு எபிடாரஸ் கோயிலுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். அங்கிருந்த பாம்பு தானாகவே கப்பலில் ஏறி ரோமுக்கு வந்து, டைபர் ஆற்றின் நடுவே உள்ள தீவில் இறங்கியது என்பது கதை. கி.மு. 291இல் அங்கே கோயில் எழுந்தது.

எபிடாரஸ் ஊரே அடித்த டிராக்மாவில் தெய்வம் உட்கார்ந்தபடி பாம்பின் தலைக்கு மேல் கையை நீட்டியிருப்பார். அபூர்வமான காசு, விலையும் அப்படித்தான். புகழ்பெற்ற மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த கோஸ் தீவின் டிராக்மா கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும். ஒரு பக்கம் அஸ்கிளிப்பியஸ் தலை, மறுபக்கம் சுருண்ட பாம்பு.

ரோமில் கி.மு. 49 வாக்கில் அசிலியஸ் கிளாப்ரியோ அடித்த டெனாரியஸ் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பக்கம் சாலுஸ், பின்பக்கம் தூணில் சாய்ந்தபடி பாம்பைப் பிடித்திருக்கும் வலெடூடோ என்ற இன்னொரு நலத்தெய்வம். ரோமுக்கு வந்த முதல் கிரேக்க மருத்துவர் ஆர்க்காகதஸுக்கு கி.மு. 219இல் சிகிச்சை நடத்த இடம் கொடுத்தது அசிலியஸ் சந்தியில்தான் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். குடும்பப் பெருமைதான் காசில் பாம்பாக வந்திருக்கிறது.

பேரரசுக் காலத்தில் இந்தக் காசுகளை ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள். கி.பி. 165 முதல் பெரும் கொள்ளைநோய் பரவியது. மார்கஸ் அரேலியஸ் அந்த ஆண்டுகளில் சாலுஸ் பாம்புக்கு உணவு கொடுக்கும் காசை வெளியிட்டார். பேரரசர் காரகல்லா உடல்நலம் தேடி கி.பி. 214இல் பெர்கமுவின் அஸ்கிளிப்பியஸ் கோயிலுக்குப் போனார். கி.பி. 215 ஆண்டு டெனாரியஸில் அஸ்கிளிப்பியஸ் பாம்புக் கோலோடு நிற்கிறார். கி.பி. 251-253இல் ஆண்ட டிரெபோனியானஸ் காலஸின் சாலுஸ் காசும் இன்னொரு கொள்ளைநோய்க் காலத்துக் காசு. காய்ச்சலில் கிடந்த நாட்டில் கைமாறிய பணம் இவை.

மெடூசா என்ற கோர்கனின் கூந்தல் பாம்பும் கணக்கில் வருமா?

வரும். கருங்கடல் கரை அப்பொலோனியாவின் டிராக்மா (நங்கூரம் ஒரு பக்கம், கோர்கன் முகம் மறுபக்கம்), கி.மு. 74இல் கொசூஷியஸ் அடித்தது, கி.மு. 47இல் பிளாட்டியஸ் பிளாங்கஸ் அடித்தது எல்லாம் சேர்க்கலாம். பிளாங்கஸ் காசில் முகத்தின் இருபுறமும் பாம்பு உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. பார்த்து வாங்குங்கள்.

ஹெர்மீஸின் கோலில் இரண்டு பாம்பு இருக்கிறதே?

அதையும் சேர்த்தால் ரோமக் காசுகளில் பாதிக்கு மேல் வாங்க வேண்டிவரும் போலிருக்கும். விட்டுவிடுங்கள்.

பாம்பு தோற்கிற காசுகள் உண்டா?

உண்டு, அழகானவையும் அவைதான். ஹீரா அனுப்பிய இரண்டு பாம்புகளைத் தொட்டிலிலேயே நெரித்த குழந்தை ஹெராக்கிளீஸை அவர் பிறந்த தேபிஸ் தன் காசில் பதித்தது. கி.மு. 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோட்ஸ், நிடஸ், எபேசு, சாமோஸ், பைசான்டியம் முதலிய ஊர்கள் கூட்டணி சேர்ந்து அதே உருவத்தைப் பதித்தன. எந்த எதிரிக்கு எதிராக என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தென் இத்தாலியின் குரோட்டன் நகரத்து ஸ்டேட்டர் என்ற பெரிய வெள்ளிக் காசில் நடுவே முக்காலி, ஒரு பக்கம் வில்லோடு அப்போலோ தெய்வம், மறுபக்கம் அவர் கொல்லும் பைத்தான் பாம்பு. இவை எல்லாம் பெரிய ஏலங்களில் வருபவை. அருங்காட்சியகப் படங்களில் பார்த்தே நான் மகிழ்கிறேன்.

சிசிலியின் செலினஸ் நகரத்தில் ஒரு கிராமுக்கும் குறைவான லிட்ரா என்ற சின்னக் காசு உண்டு. பாறையில் உட்கார்ந்த பெண் பாம்பைத் தொடுகிறாள். சண்டை இல்லை, பயமும் இல்லை. விரல் நுனியில் நிற்கிற அளவுக் காசில் இதைச் செதுக்கியவன் கையைக் கும்பிட வேண்டும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை, விளிம்பு, ஒப்பீடு. இந்த மூன்றும் பழகினால் பாதி ஆபத்து குறையும்.

குடியரசுக் கால டெனாரியஸ் 3.9 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 3.2 கிராம் என்றால் உள்ளே செம்பு இருக்கலாம். மேட்டுப் பகுதிகளில் செம்பு எட்டிப் பார்க்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு, மேற்பரப்பில் குமிழிக் குழிகள் இருந்தால் வார்ப்பு. அப்புறம், ஏலப் பதிவுகளில் அதே வகைக் காசுகளைத் தேடுங்கள். ஒரே அச்சில் பல காசு அடித்திருப்பார்கள், அது இயல்பு. ஆனால் ஒரே கீறல், ஒரே தேய்மானம், ஒரே விளிம்பு வடிவத்தோடு இரண்டு காசு இருக்கவே முடியாது. அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமக் காசுகளுக்கு இலவசத் தரவுத்தளங்களை நடத்துகிறது, படங்களோடு ஒப்பிட அது பெரிய உதவி.

நிபுணர்களே திணறிய நேரமும் உண்டு. 1980களின் இறுதியில் 'கருங்கடல் புதையல்' என்ற பெயரில் அப்பொலோனியா, மெசெம்பிரியா ஊர்களின் சிறு வெள்ளிக் காசுகள் சந்தைக்கு வந்து பெரும் சர்ச்சை ஆனது. அவை அச்சில் அடித்த நவீனப் போலிகள். அந்தப் பக்கத்துக் காசு வாங்கும்போது அதற்கு முந்தைய ஏலப் பதிவு உள்ளதைத் தேடுவது நல்லது.

காசு கறுத்திருக்கிறது. சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். வீட்டு வெள்ளிச் சாமானைத் துலக்குவதுபோல விபூதி, பற்பசை, புளி என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். சீராகப் படிந்த கருமை வெள்ளியைப் பாதுகாக்கிறது, பாம்பின் உருவத்தையும் எடுத்துக் காட்டுகிறது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கலாம், கைதவறி விழுந்தால் உடைந்துபோகும். மெத்தென்ற துணிமேல் வைத்துத்தான் பாருங்கள். பிவிசி உறையில் வைக்காதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுக்கு ஏறும்.

தமிழ்நாட்டில் கிடைத்த ரோமக் காசுகளில் பாம்பு உண்டா?

கொங்குப் பகுதியில் கிடைத்த வெள்ளிப் புதையல்கள், வெள்ளலூர்ப் புதையல் உட்பட, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து இரண்டு வகை டெனாரியஸ்கள்தான். அகஸ்டஸ் காசில் அவர் பேரப்பிள்ளைகள் கேடயத்தோடு நிற்கிறார்கள், டைபீரியஸ் காசில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டிலும் பாம்பு கிடையாது. பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர் கப்பலைப் பாடும் அகநானூற்றுப் பாட்டின் காலத்தில் இங்கே வந்த பணம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

மண்ணில் கிடைத்த காசு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கி வரவழைப்பதானால் சுங்க விதிகளை முன்கூட்டியே விசாரித்து, ரசீதையும் ஏலப் பட்டியலின் பக்கத்தையும் பத்திரமாக வையுங்கள்.

சிஸ்டோபோரஸ் பெரும்பாலும் துருக்கி மண்ணில் கிடைப்பது, துருக்கி அதை வெளியே விடுவதில்லை. எனவே பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று எழுத்தில் காட்ட முடிந்த காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். எங்கே இருந்து வந்தது என்ற கேள்விக்கு விற்பவர் மழுப்பினால், எவ்வளவு அழகான பாம்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.